என்ஜின் லைட் எரிந்தால் கன்வெர்ட்டரைத்தான் மாற்ற வேண்டுமா? கருங்கல் தம்பிக்கு ஒரு பதில்

கருங்கல்லில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2018 மாடல் பெட்ரோல் கார், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது. தினமும் குளச்சலுக்கு வேலைக்குப் போகிறார், பகல் முழுக்க வண்டி கடற்காற்றில் நிற்கிறது. இரண்டு மாதமாக என்ஜின் லைட் அணையவில்லை. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 13-க்கு இறங்கிவிட்டது. பொல்யூஷன் டெஸ்டில் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.46 சதவீதம், ஹைட்ரோகார்பன் 230 என்று காட்டி ஃபெயில். வொர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து பி0420 என்ற கோளாறு எண் வருகிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, நாற்பத்தைந்தாயிரம் ஆகும், அவ்வளவு முடியாதென்றால் உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவாக மாட்டித் தருகிறோம் என்று இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். தம்பி அதோடு விடாமல் தானே ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கிப் பார்த்திருக்கிறார். லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலில் பிளஸ் 17, 2500 ஆர்பிஎம்மில் பிளஸ் 6. இதை வீட்டிலேயே பார்த்து மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும். ஆனால் நீங்கள் மாற்றப்போவது கன்வெர்ட்டராக இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. ஏனென்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பி0420 என்பது கன்வெர்ட்டர் செத்துவிட்டதாகக் கொடுக்கும் மரணச் சான்றிதழ் இல்லை. அது ஒரு புகார் மனு, அவ்வளவுதான். புகார் கொடுப்பது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற இரண்டாவது ஆக்சிஜன் சென்சார். கன்வெர்ட்டர் என்றால் தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள் உள்ள ஒரு பீங்கான் கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிப்பதும், நைட்ரஜன் ஆக்சைடைப் பிரிப்பதும் அதன் வேலை. இதைச் செய்யும்போது அது ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு தேவைப்படும்போது விடும். அதனால் முன்னால் இருக்கிற சென்சாரில் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே துள்ளிக்கொண்டே இருந்தாலும், பின்னால் இருப்பது 0.6, 0.7 என்று ஒரே இடத்தில் சாதுவாக நிற்க வேண்டும். பின்னாலிருப்பதும் முன்னாலிருப்பதைப் போலவே துள்ள ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் பி0420-ஐப் போட்டு லைட்டை எரியவிடும். துள்ளுவதற்குக் காரணம் கன்வெர்ட்டரா, அதற்குள் போகிற புகையா, குழாயில் ஓட்டையா, அந்தச் சென்சாரே கோளாறா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் கொடுத்த எண்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். பிளஸ் 17 என்றால், கம்ப்யூட்டர் வழக்கமான கணக்கைவிட 17 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏன் ஊற்றுகிறது? முன் சென்சார் "பெட்ரோல் பத்தவில்லை, காற்று கூடுதலாக இருக்கிறது" என்று சொல்வதால். இதைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது, என்ஜினுக்குள் காற்று போகிற இன்டேக் பக்கம் ஓட்டை, அதாவது வேக்கம் லீக். அதற்கும் இப்படித்தான் வரும், ஐடிலில் அதிகம், ஆர்பிஎம் ஏற்றினால் குறையும். ஆனால் உண்மையான வேக்கம் லீக் என்றால் கூடுதலாக வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் ஊற்றிச் சரிக்கட்டிவிடும், புகையில் கார்பன் மோனாக்சைடு பெரிதாக ஏறாது. உங்கள் சீட்டில் ஏறியிருக்கிறது. உங்கள் வண்டிக்கான புகை விதி பிஎஸ்4, அந்த விதிப்படி பெட்ரோல் காருக்கு ஐடிலில் 0.3 சதவீதம் வரைதான், ஹைட்ரோகார்பன் 200 வரைதான் அனுமதி. அதாவது சிலிண்டருக்குள்ளே பெட்ரோல் போதுமானதற்கு மேலேயே இருக்கிறது, அப்படி இருந்தும் சென்சார் பத்தவில்லை என்கிறது. சென்சார் பொய் சொல்கிறது, அல்லது சென்சாரிடம் யாரோ பொய் சொல்கிறார்கள். இரண்டாவதுதான் நம் கடலோரத்தில் அதிகம்: சென்சாருக்கு முன்னால் எக்சாஸ்டில், அதாவது புகைக் குழாயில், ஒரு சின்ன லீக்.

எக்சாஸ்ட் லீக் என்றால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்பார்கள். புகை சீராகப் போவதில்லை, வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் குப்குப்பென்று துடித்துத்தான் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறையும், அந்த நொடியில் ஓட்டை வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். ஐடிலில் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், அதனால் அங்கேதான் கோளாறு பெரிதாகத் தெரியும். உங்கள் 17-உம் 6-உம் அதைத்தான் காட்டுகிறது.

ஒரு விஷயம், டிரிம் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்று யாரும் பதற வேண்டாம். இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். இ10-க்குச் செட் செய்த பழைய வண்டியில் மூன்று நான்கு சதவீதம் பிளஸ் காட்டுவது நோய் இல்லை. மைலேஜும் அதனால் கொஞ்சம் குறையும்தான், ஆனால் 17-இல் இருந்து 13-க்கு விழாது. பொதுவாகப் பத்துக்குள் இருந்தால் நான் தொடமாட்டேன்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் பழைய காரில் இதே மாதிரி லைட் எரிந்தபோது, இணையத்தில் படித்த அறிவில் முன் சென்சார், பின் சென்சார் இரண்டையும் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து மாற்றினேன். கை முழுக்கத் துரு, முதுகு முழுக்கச் செம்மண். லைட் அணைந்தது, கொள்ளாம் என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன், பத்தாவது நாள் திங்கள் சந்தையில் நெரிசலில் நிற்கும்போது மறுபடி எரிந்தது. அப்புறம்தான் புத்தி வந்து, சூட்டைத் தடுக்க மூடியிருக்கும் ஹீட் ஷீல்டு தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகிற மேனிஃபோல்டு, என்ஜின் ஹெட்டோடு சேர்கிற இடத்தில், மூன்றாவது சிலிண்டர் பக்கம், கண்மை இழுத்த மாதிரி விரல் நீளத்துக்கு ஒரு கருப்புக் கோடு. அங்கே இருந்த நட்டு துருப்பிடித்துத் தளர்ந்து, நடுவே அடைப்பாக வைக்கிற கேஸ்கெட் ஊதியிருந்தது. கேஸ்கெட்டும் புது நட்டும் சேர்த்து சில நூறு ரூபாய்தான். நான் கழற்றி எறிந்த இரண்டு சென்சாரும் நல்ல சென்சார்கள்.

ஆகவே முதலில் காது, அப்புறம் கண், அதற்கப்புறம்தான் ஸ்பேனர். காலையில் வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லி நில்லுங்கள். முதல் ஒரு நிமிடம் டிக் டிக் டிக் என்று டாப்பெட் மாதிரி ஒரு சத்தம் வந்து, சூடானதும் குறைந்தாலோ மறைந்தாலோ அது பெரும்பாலும் எக்சாஸ்ட் லீக். உலோகம் சூட்டில் விரிந்து ஓட்டை அடைத்துக்கொள்கிறது. இடம் தெரியவில்லையென்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோசில் ஒரு மீட்டர் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைச் சுற்றிக் காட்டுங்கள். மின்விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் தள்ளிப் பிடியுங்கள்.

அதிலும் தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர். வீட்டில் ஊதும் வசதியுள்ள வேக்கம் கிளீனர் இருந்தால் அதன் ஊதும் பக்கத்து ஹோசைச் சைலன்சர் வாயில் வைத்து, சுற்றிலும் பழைய துணியைத் திணித்து ஓடவிடுங்கள். என்ஜின் ஆஃப், முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, மேனிஃபோல்டு கேஸ்கெட், சென்சார் திருகியிருக்கும் இடம், குழாய்கள் சேரும் ஃபிளாஞ்ச், வெல்டிங் எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டே வாருங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குழந்தைகள் ஊதுகிற மாதிரி குமிழி கிளம்பும். முன் சென்சாருக்கு முன்னால் குமிழி வந்தால் உங்கள் மைலேஜ் போன இடம் அது. இரண்டு சென்சாருக்கும் நடுவே வந்தால் டிரிம் மாறாமலே பி0420 மட்டும் வரும். பின் சென்சாருக்குப் பின்னால் வந்தால் கம்ப்யூட்டருக்குக் கவலை இல்லை, ஆனால் பொல்யூஷன் மெஷினைக் குழப்பும். வேகமாக ஐடில் வைத்து எடுக்கும் டெஸ்டில் லேம்டா (காற்று, பெட்ரோல் விகிதத்தைச் சொல்லும் எண்) 0.97-இலிருந்து 1.03-க்குள் இருக்க வேண்டும். சைலன்சரில் ஓட்டை இருந்தால் அது 1.03-ஐத் தாண்டலாம்.

இன்டேக் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள், விட்டுவிட வேண்டாம். ரப்பர் ஹோஸ்களை விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். என்ஜின் ஆயில் ஆவியை இன்டேக்குக்கு விடுகிற பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் எண்ணெய்க் கசடில் ஒட்டிக்கொண்டது, மாற்ற அதிகச் செலவில்லை. லீக் பார்க்க ஊதுபத்திப் புகையைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஹோஸுக்குப் பக்கத்தில் கனல் வேண்டாம். தண்ணீர் ஸ்பிரே அடித்தாலே ஐடில் மாறுவது தெரியும்.

எங்கும் லீக் இல்லையென்றால் சென்சாரைச் சந்தேகிக்கலாம், அதையும் சோதித்துவிட்டுத்தான். வண்டியை ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, ஸ்கேனர் ஆப்பில் முன் சென்சார் வோல்ட்டைக் கோடாக வரைய விட்டு 2500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். கோடு மேலும் கீழும் சுறுசுறுப்பாக ஏறி இறங்க வேண்டும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதித்தால் 0.8-க்கு மேல் பாய வேண்டும், காலை எடுத்ததும் 0.1 பக்கம் விழ வேண்டும். இரண்டும் செய்கிறது, ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுகிறவன் மாதிரி மெதுவாகச் செய்கிறது என்றால் சென்சாருக்கு வயதாகிவிட்டது. எது செய்தாலும் 0.45-இலேயே நிற்கிறது என்றால் அநேகமாக வயர் அறுந்திருக்கிறது. சில புது மாடல்களில் முன் சென்சார் வேறு வகை, வோல்ட்டுக்குப் பதில் விகிதத்தைக் காட்டும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சென்சாருக்குள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது, ஏறக்குறைய 300 டிகிரி வந்தால்தான் அது வேலை செய்யும் என்பதால். பி0135, பி0141 என்று வந்தால் அந்த ஹீட்டர் சர்க்யூட்தான். நான்கு வயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருடையவை. கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம்களிலிருந்து பதினைந்துக்குள் ஏதாவது காட்ட வேண்டும், ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்தது. இரண்டு சென்சாரின் ஹீட்டர் கோளாறு எண்ணும் ஒரே நாளில் வந்தால் சென்சார் வாங்கப் போகாதீர்கள், ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் எலி. ரப்பர் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே வீடு இருக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குலசேகரத்தில் ஒரு சொந்தக்காரர் வண்டியில் பின் சென்சார் வயரை மட்டும் குறிபார்த்துக் கடித்து வைத்திருந்தது. வொர்க்‌ஷாப்பில் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டில் கன்வெர்ட்டர் இருந்தது, எலி இல்லை.

சரி, சென்சார்தான் என்று முடிவாகிவிட்டால் மாற்றுவது வீட்டு வேலைதான். முந்தின நாள் சாயங்காலமே திருகு இருக்கும் இடத்தில் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிடுங்கள், இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டு கொடுத்துத்தான் அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி, அல்லது ஹாலோ பிளாக்கை அடுக்கி வைத்து அடியில் படுக்கிறவர்களை நம்மூரில் பார்த்திருக்கிறேன், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். போர்டிக்கோவை மூடி வைத்துக்கொண்டு என்ஜினை ஓட விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

திருகு எம்18, ஸ்பேனர் 22. வயர் நுழைகிற மாதிரி பக்கவாட்டில் வெட்டு உள்ள சாக்கெட் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள், ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை உருளும். வண்டியைத் தூக்குவதற்கும் பேட்டரியைக் கழற்றுவதற்கும் முன்பே என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் கழற்றினால் சுலபம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கால்சுற்று அவிழ்த்தால் கொஞ்சம் திரும்ப இறுக்குங்கள், மறுபடி அவிழுங்கள், பைய பைய. துருத்தூள் மரைக்குள் சிக்கிக்கொண்டு ஒரேயடியாக இழுத்தால் மரையையும் சேர்த்துக்கொண்டுதான் சென்சார் வெளியே வரும். அப்படி ஆகிவிட்டால் நிறுத்துங்கள், லேத்தில் டேப் போட்டுத் தருவார்கள்.

புதிய சென்சாரின் மூக்கை விரலால் தொடக்கூடாது, கீழே போடக்கூடாது, எண்ணெய் படக்கூடாது. மரையில் பெரும்பாலும் கம்பெனியிலேயே ஒரு பசை தடவி வரும், இல்லாவிட்டால் மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் ஆன்ட்டி சீஸ் பசையை மரையில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். லீக் ஆகக்கூடாது என்று சாதாரண சிலிக்கான் சீலன்ட்டைத் தடவிவிடுவது நம் மக்களுக்குப் பழக்கம், அதுதான் சென்சாருக்கு விஷம், கன்வெர்ட்டருக்கும் நல்லதில்லை. கையால் முழுக்கத் திருகிவிட்டு 40-இலிருந்து 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். டார்க் ரென்ச் இல்லையென்றால் நன்றாக உட்கார்ந்த பிறகு இன்னும் ஒரு இறுக்கு, ஏறி மிதிக்க வேண்டாம்.

விலை குறைவு என்று கப்ளர் இல்லாத பொது சென்சார் வாங்கி வயரை ஒட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த வயரின் இழைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி வழியாகத்தான் எடுக்கின்றன. ஈயம் வைத்துச் சால்டர் செய்தால் அந்த வழி அடைந்துபோகும். ஒட்டுவதானால் கிரிம்ப் செய்யுங்கள். அதைவிட உங்கள் மாடலுக்கான கப்ளரோடு வருவதை வாங்குவது நல்லது.

பிளக்கையும் இந்தச் சாக்கில் கழற்றிப் பாருங்கள். கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தால் நான் மேலே சொன்னது உறுதி, உள்ளே பெட்ரோல் கூடுதல். ஒரு பிளக் மட்டும் மற்றதைப் போல இல்லாமல் ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் மிஸ்ஃபயர். என்ஜின் லைட் நிலையாக எரிந்தால் வீடுவரை ஓட்டலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரமாக நிறுத்துங்கள். மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அந்தத் தேன்கூட்டையே உருக்கிவிடும். ஒரு இக்னிஷன் காயில் மாற்றத் தயங்கிக் கன்வெர்ட்டரைப் பலி கொடுத்தவர்கள் நிறைய.

இத்தனையும் பார்த்த பிறகும் பின் சென்சார் முன் சென்சாரைப் போலவே துள்ளுகிறதென்றால் கன்வெர்ட்டர் சோர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளலாம். அதற்கும் சோதனை உண்டு. குளிர்ந்திருக்கும்போது ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள், உள்ளே கூழாங்கல் உருள்கிற சத்தம் வந்தால் உடைந்துவிட்டது. கீரிப்பாறை ஏற்றத்தில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி மூச்சு முட்டுகிறதென்றால் அடைத்திருக்கலாம். முன் சென்சாரைக் கழற்றிய ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டினால் ஐடிலில் ஒன்றே கால் பிஎஸ்ஐ, 2500-இல் மூன்று பிஎஸ்ஐ, இதற்கு மேல் போகக்கூடாது. ஆயில் குடிக்கிற என்ஜினாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், ஆயிலில் இருக்கிற பாஸ்பரஸ் தேன்கூட்டின் மேல் படிந்து மூடிவிடும், புதுக் கன்வெர்ட்டர் போட்டாலும் அதே கதிதான்.

கன்வெர்ட்டரை வீட்டில் மாற்றுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இப்போதைய வண்டிகளில் அது மேனிஃபோல்டோடு ஒட்டி என்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளச்சல் காற்றில் ஆறேழு வருடம் நின்ற ஸ்டட், ஸ்பேனர் வைத்ததும் உடையும், ஹெட்டுக்குள் உடைந்த ஸ்டட்டை எடுப்பது நம் முற்றத்தில் வைத்துச் செய்கிற வேலை இல்லை. வொர்க்‌ஷாப்பில் மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கிற உலோகத்துக்காக ஸ்கிராப்பில் நல்ல காசுக்கு எடுக்கிறார்கள், அதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசமாட்டார்கள். மிக மலிவான வெளி மார்க்கெட் கன்வெர்ட்டரில் அந்தப் பூச்சு பேருக்குத்தான் இருக்கும், கொஞ்ச நாளில் அதே பி0420-ஓடு திரும்பி வருவீர்கள்.

உள்ளே இடித்துக் கொட்டும் யோசனைக்கு என் பதில் கறாரானது, வேண்டாம். நம் நாட்டில் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் வந்தது 1995 ஏப்ரலில், முதலில் நான்கு பெருநகரங்களில். அதற்காகவே ஈயமில்லாத பெட்ரோலைக் கொண்டுவந்து, 2000-இல் நாடு முழுக்க ஈயத்தை நிறுத்தினார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை இரும்புக் கம்பியால் குத்தி எடுப்பது எனக்குப் பொறுக்காது. அதை விடுங்கள், உங்கள் கணக்கையே பார்ப்போம். கன்வெர்ட்டர் இல்லாமல் பிஎஸ்4 அளவுக்குள் நேர்மையாக டெஸ்டில் தேற முடியாது, சர்டிபிகேட் இல்லாமல் பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு இரண்டு மாநிலத்துச் சோதனையும் உண்டு. லைட்டும் அணையாது. அதை அணைக்க இன்னொருவர் சென்சாருக்கு வாஷர் வைத்து ஏமாற்றித் தருவார், அப்புறம் நிஜமாகவே ஏதாவது கோளாறு வந்தால் சொல்ல ஆள் இருக்காது.

பெட்ரோல் ஆவி பக்கத்துக் கோளாறு எண்கள் பி0440-இலிருந்து பி0455 வரை வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அதில் பாதி நம் கையால் வருவது. பங்கில் தானாகக் கட் ஆன பிறகும் "ரவுண்டா அடிச்சிரலாமா அண்ணே" என்று கேட்பார்கள், நாமும் தலையாட்டுவோம், இன்னும் நாலு தடவை விட்டு விட்டு அடிப்பார்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவிக்காக வைத்திருக்கிற கரிக் கேனிஸ்டருக்குள் திரவமாகவே போய்ச் சேரும், கரி நனைந்தால் கேனிஸ்டர் போச்சு. முதல் கட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் கேனிஸ்டரில் இருக்கும் ஆவியை என்ஜினுக்கு விடுகிற பர்ஜ் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். கரண்ட் இல்லாதபோது காற்று போகக்கூடாது, போனால் திறந்தபடியே ஒட்டிக்கொண்டது. இரண்டு ஹோஸ், ஒரு கப்ளர், பத்து நிமிட வேலை. பிஎஸ்4 டீசல் வைத்திருப்பவர்கள் கறுப்புப் புகையோ பி0401-ஓ வந்தால், புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பி விடுகிற இஜிஆர் வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக் கார்ப் கிளீனரில் கழுவி, புதுக் கேஸ்கெட் போட்டு மாட்டலாம். பிஎஸ்6 டீசலில் இருக்கிற டிபிஎஃப் என்ற கரி வடிகட்டியை மட்டும் வீட்டில் தொடாதீர்கள்.

தம்பி, உங்களுக்கு வேலை வரிசை இவ்வளவுதான். வருகிற ஞாயிறு விடியற்காலை அந்த டிக் டிக் சத்தத்தைக் கேளுங்கள், ஹீட் ஷீல்டைக் கழற்றிக் கருப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள், சோப்புத் தண்ணீர் அடியுங்கள். கேஸ்கெட் மாற்றினால் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழிப்பதற்கு முன்னால் ஃப்ரீஸ் ஃப்ரேமை போட்டோ எடுத்து வையுங்கள், லைட் எரிந்த நொடியில் வேகம், சூடு, டிரிம் எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் கம்ப்யூட்டர் கற்றுவைத்த டிரிம்மும் சேர்ந்து போகும், ஒரு வாரம் டவுனுக்குள்ளும் நாகர்கோவில் நான்குவழிச் சாலையிலும் கலந்து ஓட்டுங்கள், அது மறுபடி படித்துக்கொள்ளும். ஐடில் டிரிம் பிளஸ் எட்டுக்குள் வந்துவிட்டால் பொல்யூஷன் டெஸ்டுக்குப் போங்கள். வீட்டிலிருந்து எடுத்த எடுப்பில் பக்கத்துத் தெரு சென்டரில் கொண்டு நிறுத்தாமல், பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வரிசையில் நிற்கும்போதும் என்ஜினை ஆஃப் செய்யாமல் இருங்கள். கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரிக்கு வந்தால்தான் வேலையைத் தொடங்கும், குளிர்ந்த வண்டியைக் கொடுத்தால் நல்ல கன்வெர்ட்டரே ஃபெயில் ஆகும். உங்கள் முதல் சீட்டே அப்படி எடுத்ததா என்று ஒருமுறை யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள், புதுச் சீட்டில் வருகிற எண்களையும் டிரிம்மையும் சேர்த்து எழுதினால் அடுத்தது என்னவென்று பார்க்கலாம்.